மாமியின் இரண்டு சாட்சிகள்

அந்தச் செருப்பு ரப்பர் தோட்டத்தை ஒட்டிய பாதையில் கவிழ்ந்து கிடந்தது. மாமியின் இடது கால் செருப்பு. கிறிஸ்துமஸுக்கு வாங்கியது, வார் இன்னும் தளரக்கூட இல்லை. மாமி அதை விட்டுவிட்டு, ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக, கூட வந்த பெண்களோடு பேசிக்கொண்டே முன்னால் போய்க்கொண்டிருந்தார். பாதை முழுக்கச் சரளைக்கல். வெறுங்காலால் மிதித்தால் யாருக்கும் முகம் சுளிக்கும். மாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கொடுத்தேன். குனிந்து தன் பாதத்தைப் பார்த்த பிறகுதான் அது கழன்றதையே அவர் நம்பினார். "பேச்சு மும்முரத்துல விட்டுட்டேன் மக்களே" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் மாமி சாட்சி சொல்லிவிட்டு வந்த நாள்.

மாமி என்றால் என் வீட்டுக்காரரின் அம்மா. வீட்டுக்காரர் கத்தாரில் இருந்தார். கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் இருந்த வீட்டில் நானும் மாமியும் மட்டும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் விடமாட்டேன், அது மாமிக்குப் பிடிக்காது. மாமி கல்யாணத்துக்கு முன்பிருந்தே அண்டியாபீஸில் வேலை பார்த்தவர். முந்திரிக் கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஒரு காலை மடக்கி, ஒரு காலைக் குத்திட்டு, காலையில் தரையில் இருந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழும்புவார்கள். அங்கே வேலை செய்யும் பெண்களில் இடுப்பு வலி இல்லாத ஒருத்தியை நான் பார்த்ததில்லை. அதை நோயென்று யாரும் நினைப்பதும் இல்லை. சாயங்காலம் அந்தப் பெண்கள் பஸ்ஸில் ஏறினால் தைல வாசனைதான் முதலில் ஏறும்.

மாமியின் வலி அந்தச் சாதாரண வகையைத் தாண்டியபோது நான் வற்புறுத்தி நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனேன். இடுப்பில் பிடித்து, பின்தொடை வழியாக இறங்கி, பெருவிரல் வரைக்கும் சுண்டி இழுத்தது. இருமினால் கூடியது. முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். பயப்பட வேண்டாம், பெரும்பாலானவர்களுக்குக் கத்தி வைக்காமலே சரியாகிவிடும் என்றார். படுத்தே கிடக்காதீர்கள், ஒரே இருப்பாக இருக்காதீர்கள், தரையை விட்டு முக்காலிக்கு மாறுங்கள், பைய நடங்கள், சொல்லிக்கொடுக்கும் பயிற்சியைச் செய்யுங்கள் என்றார். கடைசியில் குரலை மாற்றிக்கொண்டு ஒன்று சொன்னார். காலில் பலம் குறைந்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் தடை வந்தாலோ நாளைக்கு என்று வைக்காதீர்கள், அன்றைக்கே வாருங்கள். மாமி சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "ஆம்பிள டாக்டரு, வெக்கமில்லாம என்னவெல்லாம் செல்லுதாரு" என்றார். முக்காலி ஒரு வாரம் ஆலைக்குப் போயிற்று. வரிசையில் இருந்தவர்கள் மகாராணி என்று கேலி பண்ணியதும் திரும்பி வந்துவிட்டது. பயிற்சி எனக்காகச் சில நாள் நடந்தது. மற்றபடி தைலமும் ஜெபமும்தான்.

ஜெபத்தை நான் குறை சொல்ல வரவில்லை. பெண்கள் ஜெபக்கூட்டத்தில் மாமிக்காக முழங்காலில் நின்று அழுதவர்கள் எல்லாரும் அதே ஆலையில் அதே வலியோடு இருந்து எழும்புகிறவர்கள். அப்படி ஜெபித்துவந்த நாட்களில்தான், ஒரு விடியற்காலையில் மாமியின் கால் வலி போய்விட்டது. குறையவில்லை, அடியோடு போய்விட்டது. மாமி அடுக்களையில் வந்து நின்று, "நொம்பலம் இல்ல மக்களே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் ஸ்தோத்திரம் சொன்னேன். எங்கள் சபையில் சுகம் கிடைத்தவர் ஆராதனையில் எழுந்து நின்று அதை அறிவிக்க வேண்டும். அதுதான் சாட்சி. அடுத்த ஞாயிறு மாமி எழுந்தார். ஆண்டவர் என் காலைத் தொட்டார் என்றார். பெண்கள் பக்கம் முழுக்கக் கண்ணீர். அந்த ஞாயிறு திரும்பி வரும் வழியில்தான் செருப்பு.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. சிமெண்டுத் தரையில் மாமி நடந்தால் இடது பாதம் பட்டென்று தட்டியது. மாடிப்படியில் விரல் இடறியது. ஒருநாள் பெருவிரல் நகம் பெயர்ந்து தரையெல்லாம் ரத்தம், மாமி அதன்மேலே நடந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வலி போனது சரி, கால் எங்கே போகிறது? டாக்டரிடம் போகலாம் என்றேன். மாமி அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"எழும்பி நின்னு சாட்சி செல்லியாச்சு. இனி ஆஸ்பத்திரி வாசல்ல போயி நிக்கவா? பாக்கிறவிய என்ன செல்லுவாவ? எனக்க ஆண்டவர நானே பொய்யாக்கணுமா?"

வலியைச் சகிக்கிறவரிடம் வாதாடலாம், சுகமானேன் என்று சபைக்கு முன்னால் சொன்னவரிடம் எப்படி வாதாடுவது? வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். அம்மா நல்லாத்தானே பேசுகிறாள் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன்.

மாமிக்குக் கிடைத்த சுகத்துக்காக எங்கள் வீட்டிலேயே ஸ்தோத்திர ஜெபம் வைத்திருந்தார்கள். அன்று நான் லீவு. சாயங்காலம் பெண்கள் வருவார்கள் என்று மரச்சீனிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். மாமி காலையிலிருந்து குளியலறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். மூன்றாம் தடவை போனவர் வரவேயில்லை. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கதவருகே நின்று கூப்பிட்டேன். உள்ளிருந்து மாமியின் குரல் வந்தது.

"மூத்திரம் முட்டுது, போக மாட்டேங்குது."

"எப்ப இருந்து மாமி?"

"நேத்து ராத்திரியில இருந்து."

டாக்டர் குரலை மாற்றிச் சொன்னது காதுக்குள் கேட்டது. கேட்கவே கூசும் கேள்வியைக் கதவைப் பார்த்துக் கேட்டேன். கழுவும்போது கை படுவது தெரிகிறதா? மாமி குழாயை அடைத்துவிட்டுச் சொன்னார், "ஆருக்கயோ உடம்பத் தொடுத மாதிரி இருக்கு."

கதவைத் திறக்கவைத்தேன். உடனே கிளம்பணும் என்றேன். ஜெபம் முடியட்டும், நாளைக்கு விடியக்காலம் போகலாம் என்று மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குமேல் என் வாயை என்னால் அடக்க முடியவில்லை. "நொம்பலத்த எடுத்த ஆண்டவரு காலையும் சேத்தா எடுப்பாரு? இது சுகம் இல்ல மாமி. நரம்பு சாவுது. நாளைக்குப் போனா பிறகு ஆயுசுக்கும் இப்படியேதான்" என்று கத்தினேன். மாமி அழுதார். அவர் அழுதது எனக்காகவும் இல்லை, காலுக்காகவும் இல்லை. "ஜெபத்துக்கு வாறவியட்ட என்ன செல்லுவ?" என்றுதான் கேட்டார். நாங்கள் அந்த இடத்திலேயே ஒரு பேரம் பேசினோம். சர்க்கரை கூடிவிட்டது என்று சொல்வேன், காலைப் பற்றி மூச்சு விடமாட்டேன். வண்டி வந்தது. பாதி உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

நாகர்கோவிலுக்குப் போகும் வழியில் தக்கலையில் வண்டிகள் அசையாமல் நின்றன. மாமி என் கையைப் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தார். உதடு அசைந்தது. ஜெபிக்கிறார் என்று தெரிந்தது, எதைக் கேட்டு என்று தெரியவில்லை. நான் முன்னால் நின்ற லாரியைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் முடிந்ததும் டாக்டர் உட்காரக்கூட இல்லை. கால்களுக்கும் கீழ்வயிற்றுக்கும் போகும் நரம்புக் கொத்து முழுவதையும் தட்டு நசுக்கிவிட்டது, இப்போதே முதுகைத் திறந்து ஆபரேஷன் பண்ண வேண்டும், எவ்வளவு திரும்பி வரும் என்று சொல்ல முடியாது என்றார். வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை. நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாமியின் இடது கால் யாரோ கொண்டுவந்து வைத்த பொருள்போலக் கட்டிலில் கிடந்தது. டாக்டர் தினமும் விரலைத் தொட்டுக் கேட்பார், தெரியவில்லை என்று மாமி தலையை ஆட்டுவார். எனக்கு அந்த நேரம் அறைக்குள் நிற்கவே முடியாது. பிறகு ஒரு மத்தியானம் மாமி "ஆ" என்றார். "பெருவிரலு எரியுது மக்களே. தீ பட்ட மாதிரி எரியுது." நர்ஸ் ஊசியோடு வந்தாள். மாமி அவள் கையைத் தடுத்தார். "கொஞ்சம் பொறுத்துப் போடு பிள்ள. இது எனக்க காலுதானான்னு பாத்துக்கிடுதேன்." நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

எல்லாம் திரும்பி வரவில்லை. மாமி இன்றும் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பட்டையோடுதான் நடக்கிறார். சிறுநீருக்குக் கடிகாரம் பார்த்துத்தான் போகிறார். வலியும் உண்டு. முன்பு சலிப்போடு செய்த பயிற்சியை இப்போது வேத வாசிப்புக்கு முன்னால் செய்துவிடுகிறார். அண்டியாபீஸுக்குப் போவதில்லை. ஆனால் ஆலயத்துக்கு மறுபடி வர அவருக்குப் பல மாதம் ஆயிற்று. நடக்க முடியாததால் அல்ல.

வந்த முதல் ஞாயிறு, சாட்சி உண்டா என்று போதகர் கேட்டபோது மாமி பெஞ்சைப் பிடித்து எழுந்தார். என்னிடம் முன்பே சொல்லியிருக்கவில்லை. சர்க்கரைக் கதை வெளியாகிவிடுமோ என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"போன மட்டம் நொம்பலம் போச்சுன்னு செல்லியிருந்தேன். அது தப்பு. எனக்க காலுதான் போயிட்டிருந்துது. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் செல்லேல, வெக்கப்பட்டு மறைச்சேன். இப்ப எனக்கு நொம்பலம் உண்டு. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

உட்கார்ந்துவிட்டார். யாரும் ஆமென் சொல்லவில்லை. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மாமியின் கையைப் பிடித்தேன், அது வேர்த்திருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, ஜெபக்கூட்டத்தை நடத்தும் அக்கா எங்களுக்காக முற்றத்து மரத்தடியில் காத்து நின்றார். அவரும் ஆலையில் மாமியின் வரிசையில் இருந்தவர். கண்டிப்பாரோ என்று நான் முன்னால் போய் நின்றேன். அவர் என்னைத் தாண்டி மாமியின் காதருகே போய், சுற்றிலும் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"எனக்கும் கொஞ்ச நாளா நொம்பலம் இல்ல கேட்டியா. உனக்கு மொதல்ல எங்க மரச்சுது?"