ஞானமணி அக்காவும் மஞ்சள் பூவும்

செவ்வாய்க்கிழமை காலை புனேயின் விஷ்ராந்த்வாடியிலிருந்து அலுவலகத்துக்கு போன் வந்தது. ஞானமணி அக்காவின் மகன் பேசினார். "அம்மா போயிட்டாங்க" என்றதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போனை வைத்த பிறகு, அவர் சேற்றில் குப்புறப் படுத்துக் கிடந்த காட்சி நினைவுக்கு வந்து சிரித்தும் விட்டேன். அவரை அறிந்தவர்கள் என்னைத் தவறாக நினைக்க மாட்டார்கள். அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் அவர் டைப்பிஸ்டாக இருந்தவர். மூன்று தலைமுறையாகப் புனே கண்டோன்மென்ட் வாசம். காய்காரியிடம் மராத்தி, அதிகாரியிடம் இந்தி, என்னிடம் மட்டும் அசல் திருநெல்வேலி.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஜூன் மாதம். அலுவலகத்தின் பின்புறம், புல்லுக்கு நடுவே ஆறிதழ் மஞ்சள் பூக்கள் தரையோடு தரையாகப் பூத்திருந்தன. அதே இடத்தில் ஸ்கூட்டர் ஷெட் போட உத்தரவாகியிருந்தது. அக்கா நேரே அதிகாரியிடம் போய் வாதாடினார்.

"பெயரைச் சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன். பெயரில்லாத புல்லுக்காக இத்தனை ஸ்கூட்டர்கள் நனையவா?" என்றார் அதிகாரி இந்தியில். சனிக்கிழமை வரை கெடு.

அக்கா நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகத்தைத் தூக்கி வந்தார். அதில் ஒரே சாயலில் இரண்டு செடிகள். பூவின் விதைப்பை மண்ணுக்குள் ஒளிந்திருந்தால் ஒன்று, வெளியே தெரிந்தால் மற்றது. பார்க்கலாமென்று போனால், மழையில் பூவெல்லாம் அழுகி உதிர்ந்திருந்தது. வேரோடு தோண்டிப் பார்த்துவிடலாம் என்றேன்.

"பேரு கண்டுபிடிக்கதுக்காவ அதக் கொன்னுட்டா, பெறவு யாருக்குட்டி பேரு?"

"அப்ப ஏதாவது ஒரு பேரச் சொல்லிடுங்க அக்கா. அவருக்கு என்ன தெரியும்?"

"அவருக்குத் தெரியாது, சரி. எனக்குத் தெரியும்லா?"

சனிக்கிழமை அதிகாரியின் மேஜைக்கு முன் நின்று, "தெரியவில்லை சார்" என்றார். "ஆனால் அது வருஷா வருஷம் அதே இடத்தில் வரும். அடுத்த மழைக்குச் சொல்கிறேன்."

"இந்த ஆபீஸில் தெரியாது என்று ஒத்துக்கொண்ட முதல் ஆள் நீங்கள்தான்" என்று அதிகாரி சிரித்தார். ஷெட் எதிர்ப்பக்கம் போனது.

மறு ஜூனில் முதல் பூ விரிந்த காலை, அக்கா புடவையைப் பற்றிக் கவலைப்படாமல் குப்புறப் படுத்து, ஹேர்பின்னால் மண்ணை மெல்ல விலக்கிக்கொண்டிருந்தார். மயங்கி விழுந்துவிட்டார் என்று பியூன் தண்ணீரோடு ஓடிவந்தார். அதிகாரி குடையோடு வந்து, அதை அக்காவுக்குப் பிடிக்காமல் பூவுக்குப் பிடித்தார். விதைப்பை மண்ணுக்குள்ளேயே இருந்தது.

"ஏட்டி, நிலப்பனை! நம்ம ஊரு நிலப்பனைலா இது!" என்று அக்கா போட்ட கூச்சலில் மொத்த அலுவலகமும் ஜன்னலுக்கு வந்துவிட்டது.

அதிகாரி ஒரு தகரப் பலகை வைக்கச் சொன்னார். பெயின்டர் பெயரை மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி முடித்ததும், அக்கா மிச்சப் பெயின்ட்டை வாங்கி, அடியில் தமிழில் தானே எழுதினார். இடம் போதாமல் கடைசி எழுத்து மேலே ஏறிப்போனது. இந்த அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர்.

இன்று நான் ஒருத்திதான். காலையில் அந்தப் பக்கமாகப் போய், பலகையை வாய்விட்டுப் படித்துவிட்டு வந்தேன். போய் வாருங்கள், அக்கா. நான் இங்கே இருக்கும்வரை தினமும் படிக்கிறேன்.