ராணித்தேனீயின் செட்டை

எனக்கு வயது எழுபத்து மூன்று. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். படித்தது கொஞ்சம், ஆனாலும் இதை என் கையால்தான் எழுதுகிறேன். இப்போது மெல்பனில் மூத்த மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே குசினி அலுமாரியில், அரிசி பருப்புக்குப் பக்கத்தில், தேனீயே தொடாத தேன் ஒரு போத்தல் இருக்கிறது. அப்பிள் சாற்றில் காய்ச்சியதாம். பேத்தி ஸஃப்னா வாங்கி வைத்தது. அவள் வீகன், இறைச்சி, பால், முட்டை ஒன்றும் தொடமாட்டாள்.

விடியலில் சுபஹு தொழுததும் கருஞ்சீரகத்தோடு ஒரு கரண்டி தேன் சாப்பிடுவது என் வழக்கம். அதையும் விடச் சொன்னாள்.

"உம்மும்மா, அது பூச்சிகள்ட்ட களவெடுத்த சாமான்."

"அல்லாஹ் மனிசருக்கு மருந்தா வெச்சது புள்ள. பால் வேணாம், முட்ட வேணாம், இப்ப தேனும் வேணாம். மறுகா காத்தயா குடிக்கப் போறாய்?"

களவு என்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இவளுடைய மூத்தவாப்பா, என் கணவர், சாகாமத்தில் வயல் செய்த காலத்தில் காட்டுத் தேன் எடுப்பார். புகை போட்டு எடுத்துவிட்டு, பாதி அடையை அப்படியே விட்டு வருவார். களவெடுப்பவன் பாதியை வைத்துவிட்டா வருவான்?

அடுத்த வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் தேனீ வளர்க்கிறார். என் தேன் அவர் தருவதுதான். ஸஃப்னாவின் வாயை அடைக்க அவளையே அங்கே இழுத்துக்கொண்டு போனேன். கிழவர் பெட்டியைத் திறந்து காட்ட, அவள் எனக்குத் தமிழில் சொன்னாள். முதுகில் நீலப் புள்ளி இருப்பது ராணியாம். புது ராணி வளரும்போது பழைய ராணி வீட்டை மகளுக்கு விட்டுவிட்டு, பாதிக் கூட்டத்தோடு வேறிடம் போய்விடுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இலங்கையில் எங்கள் கல்முனைப் பக்கம் நாங்களும் அப்படித்தான். மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு அவளுக்கு. மாப்பிள்ளை அங்கே குடிவருவார். பெற்றவர்கள் பின்வளவில் சின்னதாய் ஒன்று கட்டிக்கொண்டு ஒதுங்குவோம். நானும் இளைய மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு ஓர் அறைக்குப் போனவள். அந்த அறையின் சாவி இன்னும் என் பேர்ஸில் கிடக்கிறது.

"இவர்ட ராணி எங்க போகும் எண்டு கேளு, புள்ள."

கிழவர் இரண்டு விரலைக் கத்தரிக்கோல் போல ஆட்டினார்.

"அது போகாதாம் உம்மும்மா. ஒரு செட்டைய நறுக்கி வெச்சிரிக்காராம். அது பறந்தா கூட்டமும் போயிருமாம்."

நான் தலையை ஆட்டினேன். எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, கிழவர் சிரித்துக்கொண்டு இன்னொரு போத்தல் தந்தார்.

தேனெடுப்பதைக் களவு என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். பெட்டி கொடுத்தவர் வாடகை எடுக்கிறார், அவ்வளவுதான். ஆனால் வீட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறவளின் செட்டையை நறுக்க அவருக்கு என்ன உரிமை? அந்தப் போத்தலை நான் திறக்கவில்லை. மறுநாள் கருஞ்சீரகத்தைப் பேரீச்சம்பழத்தோடு மென்றேன். ஸஃப்னா தான் வென்றதாக நினைத்துக்கொண்டாள்.

அன்று காலைச் சாப்பாட்டில் மகளிடம் ஊருக்கு டிக்கட் போடச் சொன்னேன். முன்பும் கேட்டதுதான்.

"இஞ்ச என்ன குறை உம்மா? இந்த முழங்கால வெச்சிக்கிட்டு அங்க போய் என்ன செய்யப் போறீங்க?"

என் பாஸ்போர்ட் அவளுடைய அலுமாரியில் இருக்கிறது. அன்புக்குக் குறைவில்லை. கிழவரும் அந்தப் பூச்சிகளுக்குக் குளிர்காலத்தில் சீனிப்பாணி ஊற்றுகிறார்.

எழுதி முடித்ததும் ஸஃப்னாவைக் கூப்பிட்டேன். சனிக்கிழமைப் பள்ளியில் தமிழ் படித்தவள்.

"இத வாசி புள்ள. உரத்து வாசி. உன்ட உம்மா குசினிக்குள்ளதான் இரிக்கா."