அண்ணாவுக்கு ஒரு பாஸ்

ஆங்கிலத்தில் நான் முதன்முதலாக எழுதப் பழகிய சொல் பாஸ். சண்டை முடிந்து எங்களை அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு பாஸ், எங்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு பாஸ். எங்கள் ஊரான விடத்தல்தீவில் மீளக் குடியேறிய பிறகு, அப்பா கடலுக்குப் போக நேவிக்காரரின் பாஸ். பள்ளிக்கூடச் சோதனையிலும் அதுதான். அந்த வயதில் நான் பயபக்தியோடு நினைத்தது ஆண்டவரையும் பாஸையும் மட்டுமே.

அண்ணா எங்களோடு திரும்பி வரவில்லை. கடைசிச் சண்டைக்கு முன் இயக்கம் அவரைச் சண்டைபிடிக்கப் பிடித்துக்கொண்டு போயிருந்தது. முகாமில் பதியும்போது, இயக்கத்தில் பிள்ளை இருந்த வீட்டுக்காரரை ஆமிக்காரர் விசாரணைக்கென்று தனியாகக் கொண்டுபோனார்கள். எங்களிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். அப்பா என்னையும் தங்கச்சியையும் காட்டி இரண்டு என்றார். அண்ணா எப்போது வருவார் என்று நான் ஓயாமல் அரிக்க, அம்மா ஒருநாள், "அவனுக்கு இன்னும் பாஸ் கிடைக்கேல்லை. பேசாமப் போ" என்றார்.

இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. பள்ளிக்கூடக் கொப்பியின் மட்டையை அளவாக வெட்டி, மேலே ஆங்கிலத்தில் பாஸ் என்று எழுதினேன். படமும் வேண்டுமே. அம்மாவின் செபப்புத்தகத்துக்குள் அண்ணாவின் படம் ஒன்றே ஒன்று இருந்தது, சின்ன வயதில் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கி முதல் நன்மை எடுத்த அன்று பிடித்தது. முகத்தை மட்டும் வெட்டிச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன்.

மறுநாள் காலை அப்பாவோடு கரைக்குப் போனேன். அப்பாவின் பாஸைப் பார்த்துக்கொண்டிருந்த நேவிக்காரரிடம் என்னுடையதையும் நீட்டினேன்.

"இது யாரு?" என்று அவர் தெரிந்த தமிழில் கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் அப்பா முந்திக்கொண்டார். "தெரியாது சேர். பிள்ளை எங்கையோ பொறுக்கின படமாக்கும்."

நேவிக்காரர் சிரித்தார். என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு மட்டையைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அப்பா அதைத் திருப்பிக் கேட்கவில்லை. வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நான் வீட்டுக்கு ஓடி வந்து, "அப்பாவுக்கு அண்ணாவைத் தெரியாதாம்" என்று அழுதேன். நடந்ததையெல்லாம் கேட்ட அம்மா செபப்புத்தகத்தைத் திறந்து பார்த்து மூடினார். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை.

மத்தியானம் அப்பா வந்ததும் நல்ல சண்டை நடக்கும் என்று காத்திருந்தேன். அம்மா ஒன்றும் கேட்காமல், சட்டியில் கிடந்த பெரிய மீன்துண்டை எடுத்து அப்பாவின் தட்டில் வைத்தார். பெற்ற மகனைத் தெரியாது என்றவருக்கு மீன் ஒரு கேடா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஒரு கிழமை நான் அப்பாவோடு பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று அவரும் கேட்கவில்லை.