குடும்ப ஜெபத்தில் இரண்டு பேர்

கார்டன் ரீச்சில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கங்கை. குளிர்காலத்தில் வெயில் ஏறும்வரை பனி விலகாது; கப்பலின் சங்கு மட்டும் வீட்டுக்குள் வந்து போகும். அரைத்தூக்கத்தில் எனக்கு ஒரே கனவு. இரண்டு குழந்தைகள் குளிரில் தூங்குகின்றன. மங்கி கேப் மாட்டிவிடப் போகிறேன். முகம் தெரிவதில்லை.

அந்தக் கனவுக்குக் காரணம் என் வீட்டுக்காரர். பிள்ளையில்லாமல் நாங்கள் சிகிச்சைக்குப் போனபோது ஆய்வுக்கூடத்தில் மூன்று கருக்கள் உருவாயின. ஒன்று எங்கள் மகளானது. இப்போது அவளுக்கு ஆறு வயது. மற்ற இரண்டையும் ஆஸ்பத்திரியில் உறைய வைத்திருந்தார்கள். எங்கள் குடும்ப ஜெபத்தில் வீட்டார் ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சொல்லி ஜெபிப்பது வழக்கம். மனிதர் ஆரம்பத்திலேயே, "ஆஸ்பத்திரியில இருக்கிற ரெண்டு பேரையும் காத்துக்கொள்ளும் ஆண்டவரே" என்று சேர்த்துவிட்டார். இத்தனை வருஷமும் ஒரு நாள் தவறவில்லை.

இன்னொரு பிரசவத்தை என் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. தொடர்ந்து வைத்திருப்பதா, அழித்துவிடுவதா?

"சும்மா கிடந்ததுகளை ஜெபத்துல சேத்துச் சேத்துப் பிள்ளைகளாக்கிட்டீங்களே! இப்ப எப்படிக் கையெழுத்துப் போட?" என்று கத்தினேன்.

"பிள்ளைகதானே" என்றார், அமைதியாக.

சபைப் போதகரிடம் கேட்டோம். "ஜெபம்பண்ணி முடிவெடுங்கம்மா" என்றார். நல்லா இருக்கே! வம்பே அந்த ஜெபத்தால் வந்ததுதானே?

அடுத்த வாரமும் அதே பனி, அதே கனவு. எத்தனை காலம் அவர்களைக் குளிரிலேயே போட்டுவைப்பது? எனக்குத் தாங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய், அழிக்கலாம் என்ற கட்டத்தில் நானே டிக் அடித்தேன். அவரும் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் ஜெபத்தில் மகளைச் சொன்னார், என்னைச் சொன்னார், ஆமென் என்றார். நான் முழங்காலிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"ஏங்க, அந்த ரெண்டு பேர்?"

"இனிமே எப்படிச் சொல்லுவேன்?"

ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "கையெழுத்துப் போட்டா விட்டுருவீங்களா? அங்க வந்து சேந்தாங்களான்னு ஆண்டவர்கிட்ட கேளுங்க. என்னால முடியல. நீங்க கேளுங்க."