ஸ்கிரிப்ட் "முடிந்தது" என்று சொன்ன காலை

எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. அதனால் முதலில் வரிசை:

1. ஆடிட்டுக்காக உற்பத்தி லைனைச் சுத்தம் செய்தது
2. ஸ்கிரிப்டின் வாயை அடைத்தது
3. ஸ்டெல்லாவின் வேலை தப்பியது

புதுப் பெயின்ட் வாசனை... ஒரகடத்தில் எங்கள் உதிரிபாகத் தொழிற்சாலைக்குக் கஸ்டமர் ஆடிட் என்றால் முதலில் வருவது அதுதான். அந்த முறை கம்ப்யூட்டரில் இருந்த ஃபோல்டர்களையும் ஒழுங்குபடுத்தினார்கள். பாகங்களை அளந்து சோதிக்கும் மெஷினை ஆன் செய்ததும், புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் கிட்டிலிருந்து (Git) புதியதை இழுத்து வரும் ஸ்கிரிப்டும் அதில் வேறு ஃபோல்டருக்குப் போய்விட்டது.

மறுநாள் திரையில் சிவப்பு எழுத்து.

"இன்னா சார், செவப்பா ஓடிக்கினு கீது. ஆடிட்டர் கேட்டா நீங்க வந்து பதில் சொல்வீங்களா?" என்று, அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் என்னிடம் கேட்டார் சூப்பர்வைசர் பாபு. யாரோ எரர் வரிகள் மட்டும் தெரியாதபடி செய்தார்கள். அதன்பின் தினமும் "முடிந்தது" என்று மட்டும் வந்தது.

சில வாரங்களில் கஸ்டமரிடமிருந்து பாகங்கள் திரும்பி வந்தன. மெஷின் பழைய அளவு வரம்பை வைத்தே பாஸ் செய்திருந்தது. வரம்பைத் திருத்தும் பொறுப்பு ஸ்டெல்லாவுடையது. தூத்துக்குடிப் பெண், டிரெய்னி, வல்லத்தில் ஹாஸ்டல்.

"நான் அன்னைக்கே ஏத்திட்டேன் சார். எத்தன மட்டம் பாத்தாலும் அங்கனதான் கெடக்கும்."

கிட்டில் கிடந்தது. ஆனால் மேனேஜர், "மாட்டிக்கிட்ட அப்புறம் ஏத்திருப்பா" என்றார். பாபு சிரித்தார். "மிஷினே முடிஞ்சுதுன்னு போட்டுக்கீது. அப்போ யார் மேல தப்பு?" அவளை அனுப்பிவிடுவதாக முடிவாகியிருந்தது.

புரோகிராம் இருந்த ஃபோல்டரில் கிட் கட்டளையைக் கையால் கொடுத்தேன். ஒழுங்காக வேலை செய்தது. என் மேலேயே சந்தேகம் வந்தது. பிறகு ஸ்கிரிப்டைத் திறந்து, எரரை மறைத்த பகுதியை நீக்கிவிட்டு, அது இருந்த இடத்திலிருந்தே ஓட்டினேன். சிவப்பு வந்தது... இந்த ஃபோல்டரில் கிட் எதுவும் இல்லை என்று. அடுத்த வரியில், எதுவும் நடக்காததுபோல், "முடிந்தது". அவள் ஏற்றியது மெஷினுக்கு வந்தே சேரவில்லை.

மேனேஜர் இரண்டு முறை படித்தார். "சரி, அந்தப் பொண்ண இருக்கச் சொல்லுங்க."

இப்போதெல்லாம் முதல் எரரிலேயே ஸ்கிரிப்ட் நின்றுவிடும், மெஷினும் கிளம்பாது என்கிறார்கள். நல்லதுதான். அன்று அப்படி இருந்திருந்தால்...

இவ்வளவும் எழுதிய பிறகு பார்க்கிறேன், மேலே போட்ட வரிசையில் மூன்றாவது தவறு. சொல்லப் போனபோது அவள் பையோடு கேட்டில் நின்றாள்.

"நீங்க தேடிப் பாத்தீய சார். மத்தவுக ஒரு வார்த்த கேக்கலையே."

ஐடி கார்டை என் கையில் வைத்துவிட்டு பஸ் ஏறினாள். நான்தான் அதை எச்ஆரில் கொடுத்தேன்.