சாப்பிட வைக்கும் உத்தியோகம்

அடுத்தவரைச் சாப்பிட வைக்கச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு முதலில் கெட்டுப்போவது சொந்தப் பசிதான். வீட்டில் ஒரு பிள்ளையின் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்கு நான் சொல்வது விளங்கும். நீங்கள் சம்பளமில்லாமல் படுகிற பாட்டைத்தான் நான் ஹட்டனில் ஒரு மாடி அறையில், கதவில் ‘உளவளத்துணையாளர்’ என்று பலகை மாட்டிக்கொண்டு படுகிறேன். என்னை அதிகம் பயமுறுத்திய ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், பயத்தை மாற்றவில்லை.

வியாதிக்கு ஒரு பெயர்

கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருந்து கொழுந்து எடுக்கும் சரோஜா அக்கா, மகள் துஷாந்தினியைக் கூட்டிக்கொண்டு வந்தார். துஷாந்தினி உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பவள், கெட்டிக்காரி. சாப்பாட்டைக் கண்டால் ஏதாவது காரணம் சொல்லி எழுந்துவிடுவாள். தாய் பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார், மந்திரித்த நூல் கட்டிப் பார்த்தார், ஒன்றும் சரிவரவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர், இதயம் மெதுவாக அடிக்கிறது, இனியும் நிறை இறங்கினால் வார்ட்டில் சேர்த்தே ஆகவேண்டும் என்று எச்சரித்து என்னிடம் அனுப்பியிருந்தார். சேர்த்தால் பரீட்சை போய்விடும். சேர்க்காமல் இன்னும் மெலிந்தால் உயிருக்கே ஆபத்து.

படித்ததையெல்லாம் திரட்டித் தாய்க்கு விளக்கினேன். சாப்பிட்டால் பெருத்துவிடுவோம் என்ற எண்ணம்தான் இவளைத் தடுக்கிறது, அந்த எண்ணம் உண்மையா என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுச் சோதித்துப் பார்ப்போம், நேரத்துக்கு நேரம் சாப்பிடப் பழக்குவோம், இதற்கு அறிகை நடத்தைச் சிகிச்சை என்று பெயர் என்றேன். சரோஜா அக்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

“பசி இருந்தும் திங்காம இருக்கிறது வியாதியா மிஸ்? அப்ப சின்னதுல எங்க லயத்துல எல்லாருமே வியாதிக்காரங்கதான்.”

தராசில் மூன்று பேர்

கிழமைக்கு ஒருமுறை நிறை பார்ப்பது இந்தச் சிகிச்சையில் ஒரு பகுதி. துஷாந்தினி தராசில் ஏறியதும் தாயும் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். பார்த்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. “எவ்வளவு கழிச்சீங்க?” என்று என்னைக் கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது பைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துத்தான் கணக்கு வைப்பார்கள். காலமெல்லாம் அந்தத் தராசின் முன்னால் நின்றவருக்கு, எந்தத் தராசும் குறைத்துத்தான் காட்டும். பிள்ளையின் நிறையிலும் நான் கழித்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார்!

சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை. தராசு பொய் என்று நம்பிவிட்டால் இந்தத் தாய் எப்படிப் பயப்படுவார்? அவர் பயப்படாவிட்டால் வீட்டில் யார் இவளைக் கவனிப்பது? அதற்குள் துஷாந்தினி தராசிலிருந்து இறங்கி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

“அம்மாவுக்குக் கொறச்சலாத் தெரியுது, எனக்குக் கூடுதலாத் தெரியுது. நீங்கதான் மிஸ் ரெண்டு பேருக்கும் பொய் சொல்றீங்க.”

ஒரு ரொட்டிப் பரிசோதனை

ஒரு முழு ரொட்டி சாப்பிட்டால் மறுநாள் காலை யூனிபோமின் இடுப்பில் சிப் ஏறாது என்று அவள் உறுதியாக நம்பினாள். சரி, சோதித்துப் பார்ப்போம் என்றேன். கீழே ரஸீக் நானாவின் சாப்பாட்டுக் கடை. பிள்ளைக்கு வைத்தியம், சாதாரண ரொட்டி ஒன்று போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வைத்தியம் என்றதும் மனிதருக்கு இரக்கம் பொங்கிவிட்டது. முட்டை போட்டு, மாஜரின் தடவி, தட்டை மறைக்கும் அகலத்தில் ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு படியேறி வந்து, “மகள் நல்லா சாப்பிடணும்” என்று வைத்துவிட்டுப் போனார். துஷாந்தினியின் முகம் வெளுத்துவிட்டது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். திருப்பி அனுப்பினால் அவள் பயம்தான் சரி என்று ஆகிவிடும். வைத்துக்கொண்டால் எழுந்து ஓடிவிடுவாள்.

அவள் ஓடவில்லை. அழுதுகொண்டே, பிய்த்துப் பிய்த்து, முழுவதையும் சாப்பிட்டாள். நான் என் கையிலிருந்த பிளேன்டீயைக் குடிக்கவே மறந்துபோனேன். மறுநாள் காலை போனும் கையுமாக வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். பாடசாலை மணி அடிக்கும் நேரத்தில் அழைத்தாள்:

“சிப் ஏறிச்சு மிஸ். ஆனா இன்னைக்கு ஏறிச்சின்னா நாளைக்கும் ஏறும்னு என்ன நிச்சயம்?”

காப்பு

அந்த நிச்சயத்தைத் தேடிக்கொண்டு நானும் அவளும் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. துஷாந்தினி பால்குடம் எடுக்க நேர்ந்திருக்கிறாள், நாளைக்குக் காப்புக் கட்டுகிறார்கள், திருவிழா முடியும்வரை பாலும் பழமும்தான் என்று சரோஜா அக்கா போனில் பெருமையாகச் சொன்னார். படிக்கிற பிள்ளைக்கு என்ன பக்தி என்று லயமே மெச்சுகிறதாம். சாப்பிடாமல் இருக்க இதைவிட மரியாதையான வழி யாருக்குக் கிடைக்கும்? சாமி காரியத்தை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? சொல்லாவிட்டால் அடுத்த கிழமை வார்ட்டு நிச்சயம். இந்த நிலைமைக்கு என்ன செய்வது என்று என் பாடப் புத்தகங்களில் ஒன்றிலும் இல்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் தோட்டத்துக்குப் போனேன். கோயிலில் காப்புக் கட்ட வரிசை நின்றிருந்தது. சரோஜா அக்காவைத் தனியே அழைத்து, டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் மறுபடி சொன்னேன், இந்த முறை தராசைப் பற்றிப் பேசாமல் இதயத்தைப் பற்றிப் பேசினேன். பேசும்போது என் பயத்தையும் மறைக்கவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பூசாரியிடம் கேட்டோம். சீக்காளிக்கு விரதம் இல்லை, நேர்ந்ததைப் பெற்றவள் ஏற்றுக்கொள்ளலாம் என்றார். ஆனால் அதற்கு, வரிசையில் நிற்கும் அத்தனை பேர் காதிலும் விழ, கலியாண வயதில் இருக்கும் மகளைச் சீக்காளி என்று தாய் சொல்லவேண்டும். வாய் திறக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். மகளின் முறை வந்தது. சரோஜா அக்கா அவளை நகர்த்திவிட்டுத் தன் கையை நீட்டினார்:

“எனக்குக் கட்டுங்க சாமி. எனக்குச் சாப்பிடாம இருந்து பழக்கம். அவளுக்கு அது சீக்கு.”

முறையில்லாத நாளில் வந்தவள்

விரதம் இருக்கும் தாய், மகளுக்கு எதிரே உட்கார்ந்து, மகள் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறார். குற்ற உணர்ச்சியால் சாப்பிட வைப்பது நல்ல சிகிச்சை அல்ல, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கிழமை நிறை இறங்கவில்லை, அதற்கடுத்த கிழமை கொஞ்சம் ஏறியது. டாக்டர் வார்ட்டுப் பேச்சைத் தள்ளிவைத்தார். பரீட்சைக்குப் போகலாம், ஆனால் இங்கே வருவதை நிறுத்தக்கூடாது என்றார். நானும் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

மூச்சு விட்டது அதிகம் போலிருக்கிறது. திருவிழா முடிந்த பிறகு, என்னிடம் வரவேண்டிய முறையில்லாத ஒரு நாளில், துஷாந்தினி தனியாக பஸ் ஏறி வந்து கதவைத் தட்டினாள். என்ன நடந்ததோ என்று பதறி எழுந்தேன். உட்காரக்கூட இல்லை அவள். காப்புக் கழட்டியும் அம்மா விரதத்தை விடவில்லையாம், மகள் பரீட்சை எழுதி முடிக்கும்வரை ஒரு வேளைச் சாப்பாடுதான் என்று புதிதாக நேர்ந்துவிட்டாராம். அதோடு மலையேறிக் கொழுந்தும் எடுக்கிறாராம். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது:

“தட்டைப் போட்டு வச்சா ஏதாவது சாக்குச் சொல்லி எழும்பிடுறாங்க மிஸ். பாத்துக்கிட்டே இருக்க முடியல. நீங்க எல்லாம் எப்பிடித்தான் தாங்குனீங்க?”

ஒருத்தியைச் சாப்பிட வைக்கப் போன எனக்கு இப்போது கவலைப்பட இரண்டு பேர் இருக்கிறார்கள், நல்லவேளையாக அதில் ஒருத்தி சம்பளமில்லாமல் என் உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டாள்.