பேராச்சியின் வலது தோள்

மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடி. பாவாடையும் ரவிக்கையுமாகப் பேராச்சியைச் சுவரோரம் நிற்கவைத்து, பர்வதவர்த்தினி அவளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அப்படிப் பார்த்ததில்லை. போதாததற்கு ஒரு கேமராவையும் கையில் எடுத்தாள்.

"அது எதுக்கு?" என்றாள் பேராச்சி.

"முன்னாடி எப்படி இருந்தேள், அப்புறம் எப்படி ஆனேள்னு பாக்கறதுக்கு. உங்க வலது தோள் நன்னா எறங்கியிருக்கு, தெரியுமா?"

"தெரியாமயா இங்க வந்து இந்தக் கோலத்துல நிக்கேன்?"

தாராவியில் முகம்மது ஹனீபின் தோல்பைப் பட்டறையில் பேராச்சிக்குத் தோலின் ஓரம் சீவும் வேலை. ஓரத்தை மெல்லிசாகச் சீவினால்தான் மடித்துத் தைக்க வரும். கீழே மெஷின் தைக்கும் ஆண்களுக்கு ஸ்டூல் உண்டு. மேலே தகரக் கூரைக்கு அடியில் பரணில் இருந்த ஐந்து பெண்களுக்குத் தரைதான். முன்னால் தோலை விரித்துச் சீவ ஒரு கல், கையில் கத்தி, காலையிலிருந்து சாயங்காலம் வரை குனிந்த தலை. கல்யாணமாகி பம்பாய் வந்த வருஷம் உட்கார்ந்தவள். புருஷன் செத்த பிறகும் அதே இடம். கழுத்து வலி முதுகுக்கு இறங்கி, இப்போது விரல்கள் மரத்துப்போயின. ஆஸ்பத்திரியில் மாத்திரையும் கழுத்துப் பட்டையும் கொடுத்தார்கள். பட்டையைக் கட்டிக்கொண்டு கல்லைப் பார்க்க முடியவில்லை.

பை வாங்க வந்த பர்வதவர்த்தினி பரணில் ஏறிப் பார்த்ததில்தான் இதெல்லாம் ஆரம்பித்தது. அமெரிக்காவில் உடம்பை நிமிர்த்தும் இந்த வைத்தியத்தைப் படித்துவிட்டு அந்த எண்பத்தைந்தாம் வருஷம்தான் திரும்பியிருந்தாள். மொத்தம் பத்துத் தடவை, வாரத்துக்கு ஒன்று, காசு வேண்டாம், நடுவில் நிறுத்தக் கூடாது என்றாள். "வெள்ளிக்கெழம லீவுதான, போயிட்டு வா புள்ள" என்று ஹனீப் பாயும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எண்ணெய் தேய்த்து நீவிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் பேராச்சி போனாள். எண்ணெயே இல்லை. பர்வதவர்த்தினி விரல் முட்டியைச் சதையில் ஊன்றி, அங்கேயே நிறுத்தி, மெல்ல மெல்ல உள்ளே இறக்கினாள். தோலுக்கு அடியில் தீ வைத்த மாதிரி எரிந்தது. கையை எடுத்ததும் அந்த இடம் மட்டும் லேசாகிவிட்டது. அடுத்த வாரம் அவள் பாதத்தைப் பிடித்ததும் பேராச்சி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"வலி கழுத்துல. நீங்க காலப் போட்டு அமுக்குதீங்க."

"சதையைச் சுத்தி ஒரு உறை இருக்கு பேராச்சி. உச்சந்தலையிலேர்ந்து பாதம் வரைக்கும் ஒரே துணி மாதிரி. ஒரு மூலைல இழுத்தா இன்னொரு மூலைல சுருங்கும். பாதம் சரியா ஊனலைன்னா கழுத்து நிக்காது. தாங்க முடியலைன்னா சொல்லுங்கோ, நிறுத்தறேன். பல்லைக் கடிச்சிண்டு இருக்காதீங்கோ."

கேட்ட இடத்தில் நிறுத்தவும் செய்தாள். அதனால்தான் பேராச்சி மறுபடி போனாள். திரும்பி வரும்போது ரயில் பாலத்தில் கால்கள் தன்னுடையவை இல்லை போலிருக்கும். மறுநாள் அடித்துப் போட்ட மாதிரி உடம்பு வலிக்கும். அதற்கடுத்த நாள் மூச்சு தாராளமாக வரும்.

பாதி வைத்தியம் முடிந்திருந்தபோது ஒருநாள், தோள்பட்டை எலும்புக்கு அடியில் முழங்கையை ஊன்றியதும் பேராச்சிக்கு அழுகை வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. பர்வதவர்த்தினி கையை எடுத்து, தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சிலபேருக்கு வரும். உடம்புக்குள்ள பழைய துக்கம் தங்கியிருக்கும். வீட்டுக்காரர் போனது..."

"எம் புருசன ஏன் இழுக்கீங்க?" பேராச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவரு எந் தோள்ல உக்காரல. பாய் கடைக் கல்லுதான் உக்காந்துருக்கு. துக்கமாம். எனக்குத் துக்கமில்ல, கோவம். வயித்தெரிச்சல்."

பர்வதவர்த்தினி காலி டம்ளரை வாங்கி வைத்தாள். பிறகு, "அதுவும் வாஸ்தவம்தான். நான் நிமித்திவிடறேன். நீங்க திரும்பவும் அப்படியே போய்க் குனிஞ்சா, திரும்பவும் கோணிக்கும். என்னால அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள்.

அந்தப் பேச்சு பேராச்சியைக் குடைந்தது. தோள் ஏற ஏற, ரவிக்கைகள் எல்லாம் ஒரு பக்கம் இழுத்தன. தையல்காரர் கேட்காமலே இத்தனை வருஷமும் வலது தோளை இறக்கி வெட்டியிருக்கிறார். பழைய மாதிரி கல்லின் முன் குனிந்தால் இப்போது அரை மணி நேரம் தாங்கவில்லை. கோணிக்கிடந்த உடம்புக்குப் பழகிப்போன வலி, நிமிர்ந்த உடம்புக்கு ஆகவில்லை.

அவள் கீழே இறங்கிப் போய் ஹனீப் பாயிடம் கேட்டாள்.

"பாய், மேல எங்களுக்கு ஒரு பெஞ்சு போட்டுத் தாங்க. கல்ல ஒசத்தி வச்சு, காலத் தொங்கவிட்டு உக்காந்து சீவுதோம்."

"பரண்ல எடமா இருக்கு? நிமிந்தா தகரம் இடிக்கும்."

"அப்ப கீழ போடுங்க. மெஷினத் தள்ளுங்க."

"வைத்தியத்துக்குப் போன எடத்துல யூனியன் பேச்சுப் படிச்சுக் குடுத்தாங்களா?"

பேராச்சி மேலே போனாள். பசை வந்த காலி டப்பாக்களைக் கவிழ்த்து, மேலே கல்லைத் தூக்கி வைத்தாள். ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து, தகரத்தில் தலை உரச, சீவ ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்த மெஹராஜும் அவளைப் பார்த்துத் தன் கல்லைத் தூக்கினாள். ஹனீப் ஏறி வந்து டப்பாக்களைக் காலால் தள்ளினார். கல் உருண்டு பரணின் பலகைத் தரையில் விழுந்த சத்தத்தில் கீழே மெஷின்கள் நின்றன.

"பாய், அந்தக் கல்லு எங்கால்ல விழுந்திருக்கும்."

"விழலல்ல. எறக்கி வச்சு வேலயப் பாரு. இல்லன்னா எறங்கு."

"இத்தன வருசமா ஒரு பலகை போடணும்னு ஒங்களுக்குத் தோணல. தோணாதது ஒங்க குத்தம். கேக்காம கெடந்தது எங் குத்தம். இன்னைக்குக் கேட்டாச்சு." கத்தியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். பின்னால் யாரும் வரவில்லை. மெஹராஜுக்கு மூன்று பிள்ளைகள்.

மிச்சத் தடவைகளுக்கும் பேராச்சி விடாமல் போனாள். கழுத்து, தாடை, மண்டை என்று ஒன்றும் பாக்கியில்லை. கடைசி நாள் பர்வதவர்த்தினி இரண்டு போட்டோக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். தோள் ஏறத்தாழ நேராகியிருந்தது; முழுதாக இல்லை. விரல் மரப்பு குறைந்திருந்தது. முதல் படத்திலிருந்தவளைப் பார்க்கப் பார்க்கப் பேராச்சிக்குச் சந்தோஷம் வரவில்லை. அவளை இப்படி ஆக்கியவர்களை நிறுத்தி நிறுத்திக் கேட்க வேண்டும் போலிருந்தது.

தச்சனிடம் ஒரு பெஞ்சு செய்யச் சொல்லி வாசலில் போட்டு, வேறொரு பட்டறையின் தோலை வாங்கி வீட்டிலேயே சீவினாள். வேலை ஒழுங்காக வரவில்லை. வந்த வாரம் சாப்பாடு, வராத வாரம் கஞ்சி.

மழைக்காலம் முடிந்து மெஹராஜ் பார்க்க வந்தாள். ஹனீப் கீழே சுவரோரம் ஒரு நீளப் பெஞ்சு போட்டுவிட்டாராம். ஐந்து பேர் உட்காரலாமாம். பேராச்சியின் இடத்தில் புதிதாக ஒரு பெண்ணாம்.

"ஒன்னைய மட்டும் கூப்பிட மாட்டேங்காவோ மைனி. கேட்டுப் பாத்தேன். வாய் ஜாஸ்திங்காவோ."

"நீ எப்படி இருக்க?"

"கழுத்து கொஞ்சம் தேவல."

"நல்லா இரு. பெஞ்சு யாரு கேட்டு வந்துச்சுன்னு அந்தப் புதுப் பிள்ளைக்குச் சொல்லிவை" என்று சொல்லிவிட்டு, பேராச்சி அடுத்த தோலை எடுத்து, நிமிர்ந்து உட்கார்ந்தபடியே, வெறியோடு சீவினாள்.